இறக்குமதிப் பொருள் பயம்: எதில் நிஜமாகவே ஆபத்து, எது வெறும் ஃபார்வர்டு?

#1 கேள்விக்குறி

குழுக்களில் சுற்றும் எச்சரிக்கைகளை ஒரே இடத்தில் போடுகிறேன். தொழில் தெரிந்தவர்கள் எது உண்மை, எது புளுகு என்று பிரித்துச் சொல்லுங்கள்.

பார்கோடு 690 என்று தொடங்கினால் சீனப் பொருள், தொடாதே. சி.இ. முத்திரையில் (ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சின்னம்) எழுத்துகள் நெருக்கமாக இருந்தால் அது 'சைனா எக்ஸ்போர்ட்'. பொம்மை பெயின்டில் காரீயம். மலிவு சார்ஜரில் ஷாக். அரிசியில் பிளாஸ்டிக். பவர் பேங்கில் மணல்.

வீட்டில் உட்கார்ந்தபடி எதை, எப்படிச் சோதிக்கலாம் என்றும் சொன்னால் நல்லது. "பிராண்டட் வாங்குங்க" என்ற ஒற்றை வரிப் பதில் வேண்டாம்.

#2 துறைமுகம்

முதல் இரண்டை முடித்துவிடலாம்.

பார்கோடின் முதல் மூன்று இலக்கம், அந்த எண்ணை எந்த நாட்டின் ஜிஎஸ்1 அமைப்பு (பார்கோடு எண்களை ஒதுக்கும் அமைப்பு) வழங்கியது என்று மட்டுமே காட்டும். 690 முதல் 699 வரை சீன அமைப்புக்கு உரியவைதான். ஆனால் வேறு நாட்டில் பதிவான நிறுவனம் சீனாவில் தயாரித்தால், அதன் சொந்த நாட்டு எண்ணே பொருளில் வரும். பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதற்குப் பார்கோடு சாட்சியே கிடையாது. பாதுகாப்புக்கு அதைவிடவும் கிடையாது.

'சைனா எக்ஸ்போர்ட்' என்று ஒரு முத்திரை இல்லவே இல்லை. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் கேள்வியே எழுந்து, அப்படி ஒரு சின்னம் இருப்பதாகத் தெரியவில்லை, அது அளவு பிசகி அச்சடித்த சி.இ. முத்திரை என்று ஐரோப்பிய ஆணையம் பதில் சொல்லிவிட்டது. பெரும்பாலான பொருள்களுக்கு சி.இ. என்பது தயாரிப்பாளர் தானே கொடுக்கும் உறுதிமொழி. யாரும் சோதித்துக் கொடுத்த சான்றிதழ் இல்லை. எழுத்து இடைவெளியை ஸ்கேலால் அளப்பதில் பிரயோஜனம் இல்லை; சரியான இடைவெளியோடு பொய் அச்சடிக்க எவ்வளவு நேரமாகும்?

அதற்குப் பதில் மூன்று விஷயம் பாருங்கள்: முழு முகவரியுடன் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், மாடல் எண், லாட் எண் (ஒரே தொகுதியாகத் தயாரானவற்றுக்குப் போடும் எண்). மூன்றும் இல்லாத பொருளில் கோளாறு வந்தால் திரும்பப் பெறும் அறிவிப்பு போடக்கூட ஆள் இருக்காது. யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

#3 சால்டர்முனை

சார்ஜர் பயம் நியாயமானது. விவரமா சொல்றேன்.

2016-ல் யூஎல்ங்கிற பாதுகாப்புச் சோதனை ஆய்வகம் 400 போலி ஐஃபோன் அடாப்டர்களைச் சோதிச்சது. 397 தோல்வி. அதுல 12, உயிரையே எடுக்கக்கூடிய அளவுக்கு மோசமான வடிவமைப்பு. மலிவுப் பொருள் எல்லாமே இப்படின்னு இதுக்கு அர்த்தம் இல்லை. அது போலிகளைப் பற்றின சோதனை.

ஒரு சார்ஜருக்குள்ள ரெண்டு பக்கம். ஒண்ணு 230 வோல்ட் மெயின் பக்கம், இன்னொண்ணு நீங்க கையில பிடிக்கிற 5 வோல்ட் பக்கம். ரெண்டுக்கும் நடுவுல உள்ள எல்லைதான் மொத்த விஷயமும். அந்த எல்லையை மூணே உதிரிகள் தாண்டும்: டிரான்ஸ்ஃபார்மர், ஆப்டோகப்ளர் (ஒளி மூலமா சிக்னலைக் கடத்துறது; சில டிசைன்ல இது இருக்காது), ஒய் கெபாசிட்டர் (மின் இரைச்சலைக் குறைக்க ரெண்டு பக்கத்துக்கும் குறுக்கே போடுறது).

போர்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தா நல்ல சார்ஜர்ல அந்த எல்லை வெறும் கண்ணுக்கே தெரியும். நடுவுல ட்ராக் (செம்புக் கோடு) எதுவும் இல்லாத ஒரு வெற்றுப் பட்டை போகும். ஆப்டோகப்ளருக்கு அடியில போர்டையே அறுத்து நீளமா ஒரு துளை விட்டிருப்பாங்க. போர்டு மேற்பரப்பு வழியா இந்த இடைவெளி குறைஞ்சது 5 மி.மீ. வேணும், நல்ல தயாரிப்பாளர்கள் 6-க்கு மேலேயே விடுவாங்க. மோசமானதுல மெயின் ட்ராக்கும் யூஎஸ்பி கூடோட சேர்ந்த ட்ராக்கும் 1 மி.மீ. தள்ளிப் பக்கத்துலயே ஓடும். புதுசா இருக்கும்போது வேலை செய்யும். ஈரப்பதம், தூசி, சால்டர் பண்ணினப்புறம் துடைக்காம விட்ட ஃப்ளக்ஸ் பசை மூணும் சேர்ந்து கொஞ்ச மாசத்துல அந்த 1 மி.மீ.-ஐக் கரிப்பாதையா மாத்திடும். அப்புறம் போன் உடம்புல மெயின் வந்து நிக்கும்.

ஒய் கெபாசிட்டர்: நீல நிறத்துல வட்டமா, பட்டாணி அளவு. மேல 'ஒய்1' முத்திரையும் பொடி எழுத்துல அங்கீகாரச் சின்னங்களும் இருக்கணும். போலியில அதே நீலம், அதே வடிவம், ஆனா எழுத்து '102 1கேவி' மாதிரி. அது சாதாரண டிஸ்க் கெபாசிட்டர். ஷார்ட் ஆகிப் பழுதாகலாம். ஒய்1 வகை, பழுதானாலும் ஓப்பனா (மின்பாதை அறுந்த மாதிரி) ஆகணும்னே வடிவமைச்சுச் சோதிக்கிறது.

டிரான்ஸ்ஃபார்மர்: 5 வோல்ட் பக்கச் சுற்றான செகண்டரிக்கு மூணு அடுக்கு இன்சுலேஷன் வயர் போடணும், இல்லன்னா ஓரத்துல மார்ஜின் டேப் விட்டுச் சுத்தணும். மோசமானதுல வெறும் எனாமல் வயர், நடுவுல ஒரே சுத்து மஞ்சள் டேப். பிரிச்சாதான் தெரியும்.

உள்ளே வர்ற முதல் உதிரி ஃபியூஸ் அல்லது எரிந்து அறுகிற வகை ரெசிஸ்டரா இருக்கணும். அந்த இடத்துல சாதாரண ரெசிஸ்டரோ வெறும் வயர்த்துண்டோ இருந்தா, டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகுற அன்னைக்குப் பெட்டிதான் எரியும்.

பிரிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. பிளக்கைப் பிடுங்கினதும் கை வைக்காதீங்க. 400 வோல்ட் கெபாசிட்டர்ல சுமார் 325 வோல்ட் தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் பிடிமானத்தோட ரெண்டு காலுக்கும் குறுக்கே சில வினாடி வச்சு, மீட்டர்ல பூஜ்யம் பார்த்துட்டுத் தொடுங்க. ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்றது வேண்டாம். திரும்ப மூடி உபயோகிக்கிறதும் வேண்டாம். ஒட்டு விட்ட கூடு பழைய பலத்துக்கு வராது.

#4 தாமரைஇலை

பிரிக்கத் தெரியாதவர்கள் மல்டிமீட்டரில் கன்டினியூட்டி (மின்தொடர்பு) பார்த்தால் போதாதா? பிளக் பின்னுக்கும் யூஎஸ்பி உலோகத்துக்கும் இடையே ஓப்பன் காட்டினால் சரிதானே?

இன்னொன்று: சார்ஜில் இருக்கும்போது போனின் உலோக விளிம்பைத் தடவினால் மெல்லிய சிலிர்ப்பு வருகிறதே, அது ஆபத்தா?

#5 சால்டர்முனை

போதாது. மல்டிமீட்டர் கொடுக்கிறது சில வோல்ட். அந்த எல்லை தாங்கவேண்டியது 3,000 வோல்ட் ஏசி சோதனை. 1 மி.மீ. இடைவெளியும் மீட்டர்ல ஓப்பன்னுதான் காட்டும். மீட்டர்ல ரெசிஸ்டன்ஸ் ஏதாவது வந்தா உடனே குப்பைக்குப் போடுங்க; வரலைன்னா ஒண்ணும் நிரூபணம் ஆகலை.

சிலிர்ப்பு பெரும்பாலும் அந்த ஒய் கெபாசிட்டர் வழியா வர்ற கசிவுதான். கணக்குப் பாருங்க: 2.2 நானோஃபாரட், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கரன்ட் சுமார் 0.16 மில்லி ஆம்ப். இந்த வகைச் சாதனத்துக்கு வழக்கமான வரம்பு 0.25. எர்த் இல்லாத ரெண்டு பின் சார்ஜர்ல ஒழுங்கான தயாரிப்புலயும் இது வரும். சிலிர்ப்பைத் தாண்டி சுரீர்னு இழுத்தா, கை உதறிச்சுன்னா, அது வேற கதை. ஸ்விட்சை அணைச்சுட்டு அந்த சார்ஜரை ஒழிச்சுடுங்க.

வேடிக்கை என்னன்னா, இந்தச் சிலிர்ப்புக்குப் பயந்து நல்ல சார்ஜரைத் தூக்கிப் போட்டுட்டு, ஒய் கெபாசிட்டரே இல்லாத மலிவு சார்ஜருக்கு மாறுறவங்க உண்டு. அதுல சிலிர்ப்பு வராது, ஆனா எல்லை 1 மி.மீ.

#6 நேர்பேச்சு

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? பிரச்சினை எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்டுப் பொருளை வாங்காமல் இருந்தால் முடிந்தது.

#7 துறைமுகம்

நாட்டுப் பெயரை வைத்துப் பார்த்தால் எங்கே சறுக்கும் என்பதற்கு மூன்று உதாரணம்.

2007-ல் மேட்டல் நிறுவனம் சீனாவில் தயாரான பொம்மைகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. உலகம் முழுக்க 'காரீய பெயின்ட்' என்று தலைப்புச் செய்தி. ஆனால் அந்த ஆண்டு திரும்பப் பெற்றவற்றில் மிகப் பெரும்பகுதி காந்தம் கழன்று விழுவதால். அது மேட்டலின் சொந்த வடிவமைப்புக் குறை. செப்டம்பரில் நிறுவனத்தின் மூத்த அதிகாரி சீனாவுக்கே போய் அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். காரீயம் பொய்யில்லை, அதுவும் இருந்தது. ஆனால் வரைபடத்திலேயே தப்பு இருந்தால் எந்த நாட்டில் செய்தாலும் காந்தம் விழும்.

டகாட்டா காற்றுப்பை: ஜப்பானிய நிறுவனம், தொழிற்சாலைகள் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும்கூட. ஈரம் உறிஞ்சும் பொருள் சேர்க்காத அம்மோனியம் நைட்ரேட், வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் ஆண்டுக்கணக்கில் இருந்து சிதைந்து, விபத்தின்போது உலோகக் கூட்டையே வெடிக்க வைத்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் (பையை ஊதும் பாகம்) திரும்பப் பெறும் பட்டியலில்.

சாம்சங் நோட் 7, 2016: முதல் சுற்றில் பேட்டரியின் மேல் மூலையில் எதிர்மின் தகடு மடிந்திருந்தது. மாற்றிக் கொடுத்த போன்களில் வேறொரு சப்ளையரின் பேட்டரி. அதில் வெல்டிங் பிசிறு. இரண்டுமே எரிந்தன. பிராண்டு பெரிசுதானே?

மூன்றிலும் நாட்டை மாற்றியிருந்தால் எதுவும் மாறியிருக்காது. லாட் எண்ணும் கேள்வி கேட்க ஆளும் இருந்ததால்தான் திரும்பப் பெறவே முடிந்தது.

#8 நேர்பேச்சு

பெரிய நிறுவனமே இப்படி என்றால் ஆய்வு, தரச் சான்று எல்லாம் எதற்கு? 'இன்ஸ்பெக்‌ஷன் பாஸ்' என்று போட்டுத்தானே கப்பலில் ஏற்றுகிறார்கள்?

#9 லாட்சாம்பிள்

நல்ல கேள்வி. 'பாஸ்' என்றால் என்ன என்று கணக்கோடு சொல்கிறேன். இந்த இழையில் இதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

10,000 பொம்மை கொண்ட ஒரு லாட். ஐஎஸ்ஓ 2859-1 என்ற சாம்பிள் ஆய்வுத் தரநிலையின் அட்டவணையில் சாதாரண ஆய்வு, இரண்டாம் நிலை என்றால் 200 எடுத்துப் பார்ப்பார்கள். ஏக்யூஎல் (ஏற்கக்கூடிய குறை அளவு, சதவீதத்தில்) 2.5 என்று ஒப்பந்தம் இருந்தால் 200-ல் 10 குறை வரை லாட் தேறும். 11 என்றால் நிராகரிப்பு. இது கீறல், சாயம் மங்கல் மாதிரியானவற்றுக்கு. உயிருக்கு ஆபத்தான குறைக்குத் தனிக் கணக்கு: ஒன்று கண்டாலே லாட் நிற்கும்.

ஆனால் 200-ல் ஆபத்தான குறை ஒன்றுகூட இல்லை என்பது லாட்டில் இல்லை என்பதற்குச் சமமா? லாட்டில் 1 சதவீதம், அதாவது 100 பொம்மை கோளாறாக இருந்தாலும், எடுத்த 200-ம் நல்லதாகவே அமைய சுமார் 13 சதவீத வாய்ப்பு உண்டு. சுருக்கமான விதி: பூஜ்யம் கண்டால் 3-ஐ சாம்பிள் எண்ணிக்கையால் வகுங்கள். 3/200 = 1.5 சதவீதம். 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது, கோளாறு 1.5 சதவீதத்துக்கு மேல் இருக்காது என்பது மட்டுமே. 10,000-ல் அது 150.

அதனால்தான் சால்டர்முனை சொன்ன உயர் மின்னழுத்தச் சோதனையை சாம்பிளில் விடமாட்டார்கள். ஒவ்வொரு சார்ஜரும் லைனில் ஒருசில வினாடி சோதனை முனையைத் தொட்டுத்தான் போகவேண்டும். விலையைக் குறைக்கும் தொழிற்சாலை முதலில் வெட்டுவது அந்த வினாடிகளைத்தான்.

அடுத்தது, சாம்பிள் ஏமாற்று. ஒப்புதலுக்கு வருகிற முதல் மாதிரி உண்மையிலேயே நன்றாக இருக்கும். சான்றிதழும் அதற்குத்தான். மூன்றாவது, நான்காவது ஆர்டரில் பிளாஸ்டிக் சுவர் கொஞ்சம் மெலியும். திருகு இருந்த இடத்தில் ஒட்டு வரும். நிறமி வேறு கடையிலிருந்து வரும். ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியே அற்பம். வாங்குபவர் லாட்டுக்கு லாட் பொருளைப் பிரித்துப் பார்க்காவிட்டால் கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே 'அறிக்கை இருக்கிறதா' என்று கேட்காதீர்கள். அறிக்கையில் உள்ள மாடல் எண், தேதி, படம் மூன்றும் கையில் உள்ள பொருளோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஐந்தாண்டுப் பழைய அறிக்கை, படத்தில் வேறு நிறம்: சகஜமாக நடக்கும்.

#10 பரிசோதனைக்குழாய்

இதோடு சேர்த்து ஒன்று. சோதனை எதை அளக்கிறது என்று தெரிந்தவன் அந்தச் சோதனையையே ஏமாற்றுவான்.

2008 சீனப் பால்பவுடர் விவகாரம் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். 6 குழந்தைகள் இறந்தன, ஏறத்தாழ 3 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். பாலில் தண்ணீர் கலந்தால் புரதம் குறையும். ஆனால் புரதம் பார்க்கும் கெல்டால் சோதனை முறை அதை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6-க்குச் சற்று அதிகமான எண்ணால் பெருக்குகிறது. புரதத்தில் நைட்ரஜன் சுமார் 16 சதவீதம், மெலமின் என்ற தொழிற்சாலை வேதிப்பொருளில் 66.6. ஒரு சிட்டிகை மெலமின் போட்டால் தண்ணீர்ப் பாலும் தேறிவிடும். மெலமின் சிறுநீரகத்தில் யூரிக் அமிலத்தோடு சேர்ந்து கல்லாகியது.

இதற்கு நேரெதிர், பிளாஸ்டிக் அரிசி. 2016 டிசம்பரில் நைஜீரியச் சுங்கத்துறை மூட்டை மூட்டையாகப் பிடித்து 'பிளாஸ்டிக் அரிசி' என்றது. ஆய்வகத்தில் பார்த்தால் அது அரிசிதான். ஆனால் கிருமி அளவு வரம்புக்கு மேல். இல்லாத பிளாஸ்டிக்கைத் தேடியபோது இருந்த பாக்டீரியா அகப்பட்டது. சோற்றை உருட்டித் தரையில் எறிந்தால் குதிக்கிறது என்று வரும் வீடியோவுக்கு ஸ்டார்ச்சே விளக்கம். நெருப்பில் காட்டி எரிகிறதா என்று பார்ப்பதும் வீண், உலர்ந்த அரிசியும் எரியும்.

காரீயம் பற்றி. மஞ்சளுக்குக் காரீய குரோமேட், ஆரஞ்சு-சிவப்புக்கு அதோடு மாலிப்டேட் சேர்ந்தது. பளிச்சென்று இருக்கும், ஒரே பூச்சில் அடியை மறைக்கும், வெயிலில் மங்காது, விலையும் குறைவு. அமெரிக்காவில் பெயின்டுக்கான வரம்பு முன்பு 600 பிபிஎம் (பத்து லட்சத்தில் 600 பங்கு). 2009 ஆகஸ்டிலிருந்து 90. குழந்தைப் பொருளின் மற்றப் பாகங்களுக்கு 100.

வீட்டில் தேய்த்துப் பார்க்கும் காரீயச் சோதனைக் குச்சிகளை நம்பாதீர்கள். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2007-ல் அவற்றைச் சோதித்தபோது, பாதிக்கு மேற்பட்ட முடிவுகள் இருக்கும் காரீயத்தை இல்லை என்று காட்டின. மேல்பூச்சுக்கு அடியில் உள்ளதை அவற்றால் எட்டமுடியாது. எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்கதிரால் தனிமங்களை அளக்கும்) கருவி உள்ள ஆய்வகம் நிமிடத்தில் சொல்லும். அதுவும் மொத்தக் காரீயத்தைச் சொல்லும், வாயில் வைத்தால் எவ்வளவு கசியும் என்பதைச் சொல்லாது.

பொம்மைக்கு இவ்வளவு பயப்படும் வீடுகளில் அழும் குழந்தை கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பார்கள். பித்தளைச் சாவியில் எளிதாக வெட்டுவதற்காகச் சேர்க்கும் காரீயம் 2 சதவீதம் சாதாரணம். அது 20,000 பிபிஎம். எந்த நாட்டுப் பூட்டானாலும் இதே கதைதான்.

#11 தாமரைஇலை

பீங்கான் கோப்பைக்கு வினிகர் சோதனை என்கிறார்களே?

#12 பரிசோதனைக்குழாய்

ஆய்வகத்தில் 4 சதவீத அசெட்டிக் அமிலத்தை நிரப்பி, 22 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, அந்தத் திரவத்தில் காரீயமும் காட்மியமும் அளப்பார்கள். வீட்டில் வினிகர் ஊற்றிவைத்தால் அளக்க வழியில்லை. உட்புறச் சித்திரம் மங்கினாலோ சொரசொரத்தாலோ அந்தக் கோப்பையை ஒதுக்குங்கள். மங்காவிட்டால் எதுவும் நிரூபணமில்லை. உட்புறத்திலும் உதடு படும் விளிம்பிலும் வண்ணச் சித்திரம் இல்லாததாக வாங்குவது சுலபமான வழி. பழசிலோ சந்தேகமானதிலோ புளிப்பான எதையும் இரவு முழுக்க வைக்காதீர்கள்.

#13 கேள்விக்குறி

பொம்மையில் காரீயத்தைவிட அவசரமானது உண்டா?

#14 லாட்சாம்பிள்

உண்டு. காரீயம் மெல்லக் கெடுக்கும். பட்டன் பேட்டரி 2 மணி நேரத்தில் கெடுக்கும்.

20 மி.மீ. விட்டமுள்ள 3 வோல்ட் லித்தியம் காசு பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், எதிர்மின் பக்கத்தில் காரம் உண்டாகித் திசுவைக் கரைக்கும். ரிமோட்டை இயக்கத் திராணியில்லாத 'தீர்ந்துபோன' பேட்டரியிலும் அதற்குப் போதுமான வோல்ட் மிச்சமிருக்கும். பேட்டரி மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கவேண்டும், திருகைத் தளர்த்தினாலும் மூடியிலிருந்து அது கழன்று விழக்கூடாது. நகத்தால் திறக்கும் மூடி என்றால் சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு வேண்டாம். பாடும் வாழ்த்தட்டை, மினுங்கும் சாவிவளையம், எடை மெஷின் எல்லாம் இதில் சேரும்.

விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போகவேண்டும். வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. விழுங்கி 12 மணி நேரத்துக்குள், குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருந்து, விழுங்க முடிந்தால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன், 6 முறை வரை தரலாம் என்பது விஷமுறிவு மையங்களின் வழிகாட்டல். தேன் தேடிக் கிளம்பத் தாமதிக்கவேண்டாம். எக்ஸ்ரேயில் நாணயம் போலத் தெரியும்; விளிம்பில் இரட்டை வளையம் இருந்தால் பேட்டரி. 'பேட்டரியாக இருக்கலாம்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அடுத்தது நியோடிமியம் காந்தம், சின்னதானாலும் மிக வலுவானது. ஒன்று வெளியே வந்துவிடக்கூடும். இரண்டை வெவ்வேறு நேரத்தில் விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு துளை போடும்.

சின்னப் பாகம் எது என்று அளக்க ஆய்வகத்தில் 31.7 மி.மீ. விட்ட உருளை வைத்திருப்பார்கள். வீட்டில் டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக்குழல் போதும். அது இன்னும் அகலம் என்பதால், தவறினாலும் பாதுகாப்பான பக்கமாகவே தவறும். அதற்குள் முழுக்க அடங்குவது மூன்று வயதுக்குக் கீழ் ஆகாது. பொம்மையின் கண், சக்கரம், பொத்தானை நன்றாக இழுத்தும் திருகியும் பார்த்துவிட்டு, கழன்றதைக் குழலில் போட்டுப் பாருங்கள்.

#15 துறைமுகம்

நாற்றத்தை வைத்து முடிவெடுப்பதையும் விடுங்கள். புது பிளாஸ்டிக் வாடைக்கும் தாலேட் (பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்) அளவுக்கும் சம்பந்தமில்லை, தாலேட் வாடையே இல்லாமல் இருக்கும்.

#16 சால்டர்முனை

பவர் பேங்க் மிச்சம் இருக்கு.

'20,000 போட்டிருக்கு, 13,000தான் வருது, டூப்ளிகேட்'னு புகார் வரும். அது டூப்ளிகேட் இல்லை. 20,000 எம்ஏஎச் (மில்லி ஆம்ப் அவர்) என்பது செல்லின் 3.7 வோல்ட்ல. வெளியே வர்றது 5 வோல்ட். 20,000 × 3.7 ÷ 5 = 14,800. மாற்றத்துல 10-15 சதவீதம் சூடாப் போயிடும். மீதி 13,000 சரியான கணக்கு.

நிஜப் போலியைப் பிடிக்க எடை. 20,000 எம்ஏஎச் = 74 வாட் அவர். செல் மட்டுமே சுமார் 300 கிராம் வரணும். மொத்தமே 150 கிராம்னா பொய். கனமா இருந்தா உண்மைன்னு எடுத்துக்காதீங்க, மணல் பாக்கெட் வைக்கிற போலியும் உண்டு. தனி 18650 செல் (உருளை வடிவ லித்தியம் செல்) 45 கிராம் சுற்றி இருக்கணும். மேல 9,900 எம்ஏஎச்னு போட்டிருந்தா எடை போடவே வேண்டாம், அந்த அளவு செல்லுக்குள்ள அவ்வளவு கொள்ளாது.

#17 கேள்விக்குறி

உப்பிய பவர் பேங்கை என்ன செய்வது? தண்ணீரில் போடச் சொல்கிறார்கள், மணலில் புதைக்கவும் சொல்கிறார்கள்.

#18 சால்டர்முனை

எரியாத வரைக்கும் ரெண்டும் வேண்டாம். சார்ஜ் போடுறதை நிறுத்துங்க. குத்தாதீங்க, அமுக்காதீங்க, மூடியைப் பிரிக்காதீங்க. வெளியே, நிழல்ல, சிமென்ட் தரையில, எரியக்கூடியது பக்கத்துல இல்லாம வையுங்க. போர்ட் மேல டேப் ஒட்டி மின்கழிவு எடுக்கிற இடத்துல 'உப்பினது'ன்னு சொல்லிக் கொடுங்க. வீட்டுக் குப்பையில போட்டா லாரி அமுக்கும்போது தீப்பிடிக்கும்.

எரிய ஆரம்பிச்சா முதல்ல எல்லாரும் வெளியே. புகையை மூச்சில் இழுக்காதீங்க, அதுல ஹைட்ரஜன் ஃப்ளூரைடு இருக்கும். சுவர் பிளக்குல மாட்டியிருந்தா மெயின் ஸ்விட்சை அணைச்ச பிறகு, தள்ளி நின்னு நிறையத் தண்ணி. இந்தச் சின்ன அளவு பேட்டரிக்குத் தண்ணிதான் சரி, ஏன்னா பக்கத்துச் செல்லைக் குளிரவச்சாதான் தொடர் எரிப்பு நிக்கும். மணல் தீயை மூடும், சூட்டை எடுக்காது. அணைஞ்ச மாதிரி இருந்து மறுபடி பத்தும். சில மணி நேரம் கண்காணிப்புல வெளியிலயே கிடக்கட்டும்.

#19 துறைமுகம்

ஒழிக்கும் முன் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: மாடல், லாட், தேதி, இறக்குமதியாளர் முகவரி, வாங்கிய ரசீது. புகார் கொடுக்கும்போது 'வெடித்தது' என்று எழுதாமல் சார்ஜில் இருந்ததா, எந்தச் சார்ஜர், எங்கே வைத்திருந்தது, முதலில் புகையா உப்பலா என்று எழுதுங்கள். ஒரே லாட்டில் இப்படி இரண்டு மூன்று புகார் சேர்ந்தால்தான் அதிகாரிகளால் மிச்சப் பெட்டிகளை நிறுத்தமுடியும்.